கருமருந்துத் தோட்டா ரைபிள்: சேலத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னங்குறிச்சியில் என் வீட்டு மாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுவதும் தெரியும். மாலையில் அங்கே உட்கார்ந்து ஒரு பழைய பித்தளைத் தோட்டாக் கூட்டின் படத்தை யாருக்காவது காட்டிவிட்டால் போதும், கேள்விகள் தொடங்கிவிடும். நான் அமெரிக்காவின் கொலராடோவில் பத்தொன்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்று, இப்போது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான) அட்டையோடு ஊர் திரும்பியிருக்கிறேன். கருமருந்து என்ற பழைய, புகை கக்கும் வெடிமருந்தால் ரைபிள் சுடும் இந்த விளையாட்டை அங்கேதான் கற்றேன். ஆண்டுக்கு ஒருமுறை மகள் வீட்டுக்குப் போகும்போது அங்கேதான் சுடுகிறேன். சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு கருமருந்துத் தோட்டாகூடச் சுட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இது என்ன விளையாட்டு? எதைச் சுடுகிறார்கள்?

இரும்புத் தகட்டில் வெட்டிய விலங்கு உருவங்களை. 200 மீட்டரில் கோழி, 300 மீட்டரில் பன்றி, 385 மீட்டரில் வான்கோழி, 500 மீட்டரில் செம்மறிக் கடா. உருவத்தில் குண்டு பட்டால் மட்டும் போதாது, அது கீழே விழவேண்டும். கோழியை நின்றபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுடவேண்டும். மற்ற மூன்றுக்கும் உட்கார்ந்து, குறுக்குக் குச்சிகளின் மேல் குழலைத் தாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இது முறையான போட்டியானது 1985இல். ரைபிள் 19ஆம் நூற்றாண்டு அமைப்பில் இருக்கவேண்டும்: ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, உள்ளே கருமருந்து, முன்னால் ஈயக் குண்டு.

குண்டு மெதுவாகப் போகும். கடாவை நோக்கி விசையை இழுத்தபின் அது போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். இரும்பில் பட்ட ஓசை திரும்பி வர இன்னும் ஏறக்குறைய அதே நேரம். அந்த மூன்று விநாடியும் எதிரே வெள்ளைப் புகை நிற்கும், ஒன்றும் தெரியாது. பிறகு தொலைவில் ‘டங்’ என்று கேட்கும். எனக்கு இதில் பிடித்தது அந்தக் காத்திருப்புதான்.

தீரன் சின்னமலை காலத்துத் துப்பாக்கியா இது?

இல்லை. இந்தக் கேள்வியை ஓர் ஆடிப் பதினெட்டு அன்று சங்ககிரியிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் கேட்டான், அதனால் மறக்கவில்லை. சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805இல். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கெட்டிப்பார்கள், சக்கிமுக்கிக் கல்லின் பொறி பற்றவைக்கும். நான் சொல்லும் ரைபிள் அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகள் பிந்தியது. மருந்து, குண்டு, மருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டி மூன்றும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடங்கி, பின்பக்கம் வழியாக உள்ளே போகும். 1880களின் நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் புகையற்ற மருந்தைக் கொண்டுவந்ததும் இதன் காலம் முடிந்தது. மொத்தத்தில் இருபத்தைந்து ஆண்டுகள்கூடத் தலைமை தாங்காத தொழில்நுட்பம்.

நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. கருமருந்தின் பெரும்பகுதி வெடியுப்பு. பீகார்ப் பக்கம் மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்பைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிப் போனது.

சேலத்தில் இருந்துகொண்டே இதைத் தொடங்க முடியுமா?

சுருக்கமான பதில்: இந்த ரைபிளோடு முடியாது. ஆனால் இதற்குத் தேவையான திறமையில் பாதியை இங்கேயே கற்கலாம்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க உரிமம் வேண்டும். ஏற்காடு வட்டத்தில் இருப்பவர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகம் போனால் இரண்டு துப்பாக்கி வைத்திருக்கலாம், உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தோட்டாவை வீட்டில் நிரப்பும் ஆசை இருப்பவர்கள் இன்னொன்றையும் படியுங்கள்: உரிமமின்றித் தோட்டா தயாரித்தால் தண்டனை ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை போகும். சட்டம் ‘தோட்டா’ என்று சொல்லும்போது அதன் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும் சேர்ந்தே வருகின்றன. ‘கூடு மட்டும்தானே வைத்திருக்கிறேன்’ என்பது வாதமாகாது.

இப்போது செய்யக்கூடியது. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டரில் காகிதக் குறியை நின்றபடி சுடுங்கள், மாவட்ட ரைபிள் சங்கத்தில் சேர்ந்து பயிற்சியாளர் ஒருவர் பார்க்கும்படி. அந்தக் காகிதத்தில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் அகலம், பேனா முனைப் புள்ளி அளவு. மூச்சு, நிற்கும் நிலை, விசையை இழுக்கும் விரல் எல்லாவற்றையும் அந்தப் புள்ளி அம்பலப்படுத்திவிடும். கோழியை நின்று சுடுவதில் அமெரிக்காவில் என்னைவிட முப்பது ஆண்டு மூத்தவர்களோடு நான் சமமாக நின்றதற்குக் காரணம் கருமருந்து ஞானம் அல்ல, ஒரு குளிர்காலம் முழுவதும் வீட்டு நிலவறையில் காற்றுத் துப்பாக்கியோடு நின்றதுதான்.

மாந்தோப்பில் அணிலையும் மைனாவையும் சுடுவது பயிற்சி ஆகாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

எங்கள் மலைக் கிராமத்து வீட்டுப் பரணில் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. அதில் பழகலாமா?

கூடாது. இதில் சிரித்து மழுப்ப ஒன்றுமில்லை.

முதல் ஆபத்து, அது இன்னும் நிரப்பியபடியே இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை கடந்தும் உயிரோடு இருக்கும். வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கம்பி விட்டுக் குத்திப் பார்க்காதீர்கள், குழல் வாய்க்கு நேரே யாரும் நிற்காதீர்கள், அடுப்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது, அதன் குழல் எந்தப் பட்டறையில் எந்தக் குழாயில் செய்யப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, உரிமம் தாத்தாவின் பெயரில் இருந்திருந்தாலும் அவரோடு முடிந்துவிட்டது. உங்களிடம் இருப்பது உரிமமில்லாத ஆயுதம்.

சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது: வைத்திருக்கும் உரிமை முடிந்த ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கவேண்டும். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் இறங்காதீர்கள். முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்த் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அண்ணன் டெக்சாஸில் எச்1பி விசாவில் இருக்கிறான். அவன் வாங்கிச் சுடலாமா?

பலர் தெரியாமல் சிக்கிக்கொள்ளும் இடம் இது. தற்காலிக விசாவில் இருப்பவர் அங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. நண்பன் சுடத் தருகிறான் என்று கடன் வாங்கிச் சுடுவதற்கு முன்னால் அண்ணனை ஒரு வழக்கறிஞரிடம் பேசச் சொல்லுங்கள். கட்டணம் கொஞ்சம்தான், விசா போனால் திரும்பக் கிடைப்பது அரிது.

எந்த ரைபிளில் தொடங்குவது?

.45-70இல் தொடங்குங்கள். அமெரிக்க இராணுவம் 1873இல் ஏற்ற தோட்டா அது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: குழல் .45 அங்குலம், கருமருந்து 70 கிரெய்ன். கிரெய்ன் என்பது நமக்குப் புரியாத அளவு, எனவே நம் தங்க எடையில் சொல்கிறேன். 70 கிரெய்ன் மருந்து நாலரை கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மேல். நெடுந்தொலைவுக்குப் போடும் 500 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய நான்கு பவுன். நான்கு பவுன் ஈயம் தோளுக்கு முன்னால் புறப்பட்டுப் போகும்போது தோள் அதை உணராமல் இருக்காது.

ரைபிளின் வடிவங்களில் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், வின்செஸ்டர் 1885 மூன்றும் புகழ்பெற்றவை. இத்தாலியின் பெடர்சோலி செய்யும் நகல்களில் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். மொன்டானாவில் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் செய்யும் ஷார்ப்ஸ் ரைபிள்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நான் காத்திருக்கவில்லை, பழையதாக ஒரு ரோலிங் பிளாக் வாங்கினேன். மிச்சப் பணத்தை ரைபிளின் பின்பக்கத்துக்கு நல்ல குறிகாட்டி ஒன்றில் போட்டேன். அந்த முடிவை இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன். இந்தக் குண்டு 500 மீட்டரில் அத்தனை தாழ்ந்து இறங்குகிறது. குறிகாட்டியை நுட்பமாக ஏற்றி இறக்க முடியாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ரைபிளும் கம்புதான்.

தோட்டாவை நிரப்புவதில் என்ன இருக்கிறது? மருந்தைக் கொட்டிக் குண்டை அழுத்தினால் ஆயிற்றா?

ஏறக்குறைய அதுதான், ஆனால் அந்த ‘ஏறக்குறைய’வில்தான் விளையாட்டு இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் நாட்டில், அச்சிட்ட கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அனுபவம் உள்ள ஒருவரின் மேசையில் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நான் இங்கே அளவுகள் தரப்போவதில்லை, எதை ஏன் செய்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

கழுவிக் காய்ந்த கூட்டில் புதிய எரியூட்டி அமர்கிறது. பிறகு மருந்து. அதை நேராகக் கொட்டுவதில்லை. இரண்டடி நீளமுள்ள மெல்லிய பித்தளைக் குழாயின் வழியே மெதுவாகச் சொரியவிடுவோம். உயரத்திலிருந்து விழும் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்ந்துகொள்ளும், படியில் அரிசி அளக்கும்போது தட்டித் தட்டி நிரப்புவதைப் போல. அதன்மேல் ஓர் அட்டை வில்லை. பிறகு அச்சினால் மருந்தைச் சிறிது அழுத்திக் குண்டுக்கான இடத்தைச் சரியாக அமைப்போம். கடைசியில் குண்டு.

இரண்டு விதிகளை மட்டும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். ஒன்று: மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் கூடாது. இடைவெளி இருந்தால் குழல் வீங்கும், அதைவிட மோசமானதும் நடக்கலாம். இரண்டு: புகையற்ற மருந்தைக் கருமருந்தின் இடத்தில் ஒருபோதும் போடக்கூடாது. கருமருந்து கூட்டை நிறைக்கும். அதே கூட்டைப் புகையற்ற மருந்தால் நிறைத்தால் ரைபிள் வெடித்துச் சிதறும், சுட்டவரின் முகம் அதற்கு நாலு அங்குலம் பின்னால் இருக்கும். என் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்கும்.

குண்டு, இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற கலவையில் வார்த்தது. பக்கத்தில் உள்ள பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மெழுகு. ஈயம் உருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், தண்ணீர் அருகே வரக்கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அது ஆவியாகி ஈயத்தை முகத்தில் அடிக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி உருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, ‘இதையெல்லாமா எழுதிவைத்துக் கற்கிறீர்கள்?’ என்று கேட்டார். முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது.

கருமருந்தை நாமே செய்தால் என்ன? பட்டாசு மருந்து ஆகாதா?

இரண்டும் கூடாது. பட்டாசுக்குள் இருப்பது பெரும்பாலும் கருமருந்தே அல்ல, துப்பாக்கிக் குழலுக்கு அது எமன். வீட்டில் செய்வது குற்றம் என்பதோடு, நம் மாவட்டத்தில் வாணவேடிக்கைக் கொட்டகைகள் எரிந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அப்படி. அங்கே நாங்கள் கோயெக்ஸ், ஸ்விஸ் போன்ற பெயர்களில் டப்பாவில் வாங்குகிறோம். மணியின் அளவு எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: எஃப் கூடக்கூட மணி சிறுத்து, வேகமாக எரியும்.

குழலில் ஒட்டும் கரிப்பிசுக்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

ஏனென்றால் இந்த விளையாட்டே அதுதான். குறி பார்ப்பது இரண்டாவது.

புகையற்ற மருந்து எரிந்தால் ஏறக்குறைய எல்லாமே வாயுவாகிவிடும். கருமருந்தில் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையாகப் போகும், மிச்சம் குழலின் உட்சுவரில் ஒட்டும். இந்தப் பிசுக்கு ஈரமாக இருக்கும்வரை கண்மை போல மெத்தென்று இருக்கும், அடுத்த குண்டு அதை வழித்துக்கொண்டு போகும். காய்ந்துவிட்டால் செங்கல். மென்மையான ஈயம் அந்தச் செங்கல்மேல் உராய்ந்தால் குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளங்களைப் பற்றாது, சுழலாது, குப்புற விழுந்தபடி பறக்கும்.

என் முதல் கோடையில் நடந்தது. அனல் காற்று, ஈரமே இல்லாத பகல், நம் ஊர்ச் சித்திரை மாதம் போல. ஐந்து சுற்றும் நன்றாகப் போயின, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாவது குண்டு காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் போலப் பதிந்தது. பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது. ஏழாவது தோட்டா, குழலின் பின்பக்கத் தோட்டா அறைக்குள் முக்கால் பங்கு போய் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்தப் போனேன். பக்கத்தில் இருந்த முதியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, என் தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். நான் மட்டும் நாலு முறை குடித்திருந்தேன்.

அன்றுதான் ஊதுகுழல் எதற்கு என்று புரிந்தது. காலித் தோட்டாக் கூடு ஒன்றின் அடியில் துளையிட்டு ரப்பர்க் குழாய் பொருத்தியிருப்பார்கள். சுட்டதும் அதை அறையில் செருகி, குழலுக்குள் மெதுவாக மூன்று, நான்கு மூச்சு விடவேண்டும். பலமாக ஊதுவதல்ல, கண்ணாடியைத் துடைக்கும் முன் வாயால் ஆவி பிடிப்பது போல. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துப் பதப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்களே, அதே பக்குவம்தான். மறுமுனையில் பனி போல ஈரம் தெரிந்தால் போதும். மூச்சு பத்தாத நாளில் ஈரத் துணியைக் கம்பியில் விட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் துடைப்போம். எதைச் செய்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்யவேண்டும். மூன்று மூச்சு என்றால் மூன்றுதான்.

இதனால்தான் மாடியில் நின்று மலையைப் பார்க்கும்போதெல்லாம் என் புத்தி கணக்குப் போடுகிறது. இருபது கொண்டைஊசி வளைவு ஏறினால் போதும், காற்றே வேறு. கீழே சித்திரை வெயிலில் சில சுற்றுகளிலேயே பிசுக்கு இறுகிவிடும். மேலே ஏற்காட்டு ஐப்பசி மூடுபனியில் மூச்சே விடாமல் பத்துச் சுற்றுகூட மெத்தென்று போகும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மூடுபனியில் கடா மட்டும் அல்ல, கோழிகூடத் தெரியாது. வெறும் மனக்கணக்குதான், சுட்டுப் பார்க்கும் எண்ணம் இல்லை.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்தும் தோற்றால்?

தோற்பதும் விளையாட்டில் சேர்த்திதான், ஒரு பழைய கதை சொல்கிறேன். 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. தொலைவு 800, 900, 1000 கெஜம். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரிக்பி ரைபிள், அமெரிக்கர்கள் பின்வழி நிரப்பும் ஷார்ப்ஸும் ரெமிங்டனும். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அயர்லாந்தின் மில்னர் ஒரு குண்டை நட்டநடுவில் அடித்திருந்தார். அடித்தது பக்கத்துக் குறியை. புள்ளி பூஜ்யம். நடுமையத்துக்கு நான்கு புள்ளி, நீங்களே கூட்டிப் பாருங்கள். கடைசிக் குண்டைச் சுட்ட அமெரிக்கர் போடைன், சற்று முன்னர்தான் இஞ்சிப் பான பாட்டில் வெடித்துக் கையைக் கிழித்துக்கொண்டிருந்தார். கோலி சோடா உடைத்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி நன்றாகவே புரியும். கட்டோடு சுட்டு நடுவில் அடித்தார்.

சுட்டு முடித்தபின்?

தண்ணீர். சிலர் விலை உயர்ந்த கரைசல்கள் வாங்குகிறார்கள். கருமருந்துக் கரி உப்புச் சேர்ந்தது, தண்ணீருக்குக் கரைந்துவிடும், கொஞ்சம் சோப்பு போதும். ஆனால் அன்றே செய்யவேண்டும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரவில் துருவைத் தொடங்கிவைக்கும். துணியை இழுக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும், தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவின் நாற்றம். துணி வெள்ளையாக வரும்வரை இழுத்து, உலர்த்தி, எண்ணெய் விடவேண்டும்.

கூடுகளைத் திடலிலேயே சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிடுவேன். வீட்டில் என் மனைவி அவற்றைக் குத்துவிளக்கு போல நினைத்துப் புளித்தண்ணீரில் போட்டார். பளபளவென்று வந்தன. உற்சாகத்தில் நான் ஒரு தொகுதியை இரவு முழுவதும் ஊறவிட்டேன், இளஞ்சிவப்பாகிவிட்டன. பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போனதன் அடையாளம் அது. முப்பது கூட்டையும் தூக்கிப் போட்டேன். ஐந்து நிமிடம் போதும், அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

ஊருக்கு வரும்போது ஒரு காலித் தோட்டாவை நினைவாகக் கொண்டுவர முடியுமா?

வேண்டாம். சட்டத்தில் பாகமும் தோட்டாதான் என்று மேலே சொன்னேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போது ‘நினைவுப்பொருள்’ என்று விளக்கிக்கொண்டிருக்க நேரிடும். நான் துப்பாக்கித் திடலுக்கு எடுத்துப்போன பையையே ஊருக்குக் கொண்டுவருவதில்லை, அடிமடிப்பில் ஏதாவது தங்கியிருக்கும் என்ற பயம். படம் எடுத்துவையுங்கள்.

உங்கள் ரைபிள் இப்போது எங்கே?

மகள் வீட்டில், பூட்டிய இரும்பு அலமாரியில். சாவி மருமகனிடம். மாதம் ஒருமுறை அவர் குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு, வெளியே வந்த துணியைப் படமெடுத்து அனுப்புவார். சென்ற மாதம் துணியின் ஓரத்தில் லேசான பழுப்புத் தெரிந்தது. துருவா, பழைய எண்ணெயா என்று படத்தில் சொல்ல முடியவில்லை. இன்னொரு துணி விட்டு வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.